மந்திரமும் பாவமும்



சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கும் ஊர் ஆரம்பாக்கம். இங்கிருந்து செல்வோர்க்குத் தமிழகம் அங்கே முடிகிறது; வடக்கேயிருந்து வருவோர்க்கு அங்கே தொடங்குகிறது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. தெருவிலே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் இளமை கழிந்தது. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஓடுகின்ற சாலையில், அன்று நாங்கள் மாடு ஓட்டிச் சென்றோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு கோடையில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து நான்கு மாடுகள் இறந்தன. காலையில் மேய்ந்த மாடு மாலையில் இல்லை. ‘யாரோ ஏவல் விட்டிருக்கிறார்கள்’ என்று ஊர் பேசத் தொடங்கிற்று. குறி சொல்பவர் ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து வந்தனர். அவர் எங்களை எல்லாம் சுற்றிலும் நிறுத்தி, ‘யாரேனும் எதையேனும் கண்டீர்களா?’ என்று கேட்டார். நான் ஒன்றைக் கண்டிருந்தேன். ஊர்க்கோடியில் தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டி, அந்தி நேரத்தில் புதரோரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருந்தேன். அவர் தோண்டியது நன்னாரி வேர். எங்கள் தெருக் குழந்தைகளுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவரும் அவரே. நான் கண்டது அவ்வளவுதான். ஆயினும், பெரியவர்கள் அனைவரும் என் முகத்தையே உற்றுப் பார்த்தபோது, ‘அவர் கையில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் துணியும் இருந்தன’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அன்று முதல் அந்த மூதாட்டிக்குக் கிணற்றில் நீர் எடுக்க இடமில்லாமற் போயிற்று. கடையில் அரிசி கொடுக்க மறுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், அவர் துணி மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தை நோக்கி நடந்து சென்றதை என் தாயார் கண்டார். அதற்குப்பின் அவரை ஊரில் யாரும் பார்க்கவில்லை. சில நாட்களில் கால்நடை மருத்துவர் வந்தார். மாடுகள் மாண்டது அடைப்பான் நோயால் என்றார். எஞ்சிய மாடுகளுக்கு ஊசி போட்டார். சாவு நின்றது.

அண்மையில் ஒரு பள்ளியில் பேசச் சென்றிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, மந்திரம் செய்வது பாவமா? மதங்கள் என்ன சொல்கின்றன?’ என்று வினவினாள். அந்த வினாவிற்கு அங்கே நான் முழுவிடை கூறவில்லை, கூற இயலவுமில்லை. இன்று வரலாற்றைத் துணைக்கொண்டு விடை தேட முயல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சொன்ன சொல் நிறைவேறும் ஆற்றலுடைய பெரியோர், தம் ஆணையால் கூறிய மறைவான சொல்லே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் விளக்கம். ஆகவே மந்திரம் என்பது தொடக்கத்தில் இழிந்த சொல்லன்று. கோயிலில் ஓதுவதும் மந்திரம். திருமூலர் தம் நூலுக்குப் பெற்ற பெயரும் திருமந்திரம். ஆனால் அதே சொல் பிற்காலத்தில் வேறொரு பொருளையும் ஏற்றது. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என எட்டுத் தொழில்களை மாந்திரிக நூல்கள் வகுத்தன. ஒருவரைத் தன்வயப்படுத்துவதில் தொடங்கிக் கொல்வதில் முடிகிறது அந்த வரிசை. பில்லி, சூனியம், ஏவல் என்று ஊரார் அஞ்சுவன இவற்றின் பேச்சுவழக்குப் பெயர்களே. இறைவனை வேண்டும் சொல்லும் பிறனை வீழ்த்தும் சொல்லும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதால்தான், அந்த மாணவியின் வினா எளிய வினாவாக இல்லை.

சங்க காலத்துத் தமிழர் இவ்வகைச் சடங்குகளை அறிந்திருந்தனர். காதலால் மெலிந்த பெண்ணை, முருகன் அணங்கினான் என்று எண்ணித் தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறான். ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாடுகிறான். குறிஞ்சிப் பாடல்களில் இக்காட்சி பலமுறை வருகிறது. இதனைப் புலவர்கள் பாவம் என்று கண்டிக்கவில்லை, ஆயினும் நம்பவுமில்லை. நற்றிணையில் ஒரு பாட்டு, வெறியாட்டுக்கு வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் என்று கடிந்துகொள்கிறது. நோய் இன்னது என்பது தோழிக்குத் தெரியும்; அவள் நகைக்கிறாள். மந்திரத்தைக் கண்டு அஞ்சாமல் சிரிக்கத் தெரிந்த ஒரு சமூகத்தை அங்கே காண்கிறோம்.

வடமொழி மரபில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்தது. வேத நூல்களில் சியேனம் என்றொரு வேள்வி கூறப்பட்டுள்ளது. சியேனம் என்பது வல்லூற்றைக் குறிக்கும். வல்லூறு பாய்ந்து இரையைக் கவர்வதுபோல் பகைவனைக் கவர்ந்து அழிக்கும் வேள்வி அது. பகைவனைக் கொல்ல விரும்புவோன் அதனைச் செய்யலாம் என்று வேதம் கூறுகிறது. இங்கே ஓர் இடர் தோன்றுகிறது. வேதம் விதித்தது அறம் என்பது மீமாம்சை நெறியின் அடிப்படைக் கொள்கை. அப்படியானால் பகைவனைக் கொல்லும் இவ்வேள்வியும் அறம் ஆகுமோ?

ஜைமினி முனிவர் அறத்திற்கு வகுத்த இலக்கணத்தில், அது வேதத்தால் உணர்த்தப்படுவது மட்டுமன்று, நன்மை பயப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். உரை வகுத்த சபரர் அச்சொல்லைச் சுட்டிக்காட்டி, சியேனம் போன்றவற்றை விலக்கவே அது வைக்கப்பட்டது என்றார். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரிலபட்டர் இதனை மேலும் விரித்தார். கொல்ல விரும்புவோனுக்கு வழி இது என்று வேதம் அறிவிக்கிறதே அன்றி, ‘நீ கொல்ல விரும்பு’ என்று ஏவவில்லை. மருத்துவ நூல் நஞ்சின் இயல்பைக் கூறுகிறது; அதனால் நஞ்சிடுதல் மருத்துவம் ஆகிவிடுமா? வேதத்திலேயே உள்ள ஒரு செயலைக்கூட, பிறர்க்குக் கேடு விளைப்பது என்னும் ஒரே காரணத்தால் அறத்தினின்று பிரித்து நிறுத்தினர் அவ்வறிஞர். மாணவர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும். சொல் எவ்வளவு புனிதமானது என்பது அவர்கள் கொண்ட அளவுகோல் அன்று. அதன் பயன் யார் தலையில் விழுகிறது என்பதே அளவுகோல்.

ஆயினும் நூல்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. மனு நூல், பிறரை அழிக்கச் செய்யும் அபிசாரத்தையும் மூலிகைகளால் பிறரை வசப்படுத்துவதையும் துணைப் பாவங்களின் பட்டியலில் சேர்க்கிறது. இருநூறு பணம் தண்டமும் விதிக்கிறது. அதே நூல், அந்தணன் அதர்வ வேத மொழிகளைப் பகைவர்க்கெதிரே ஆயுதமாகக் கொள்ளலாம் என்றும் ஓரிடத்தில் அனுமதிக்கிறது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் அவ்வாறே. வசிய மந்திரம் செய்வோரையும் ஏவல் செய்வோரையும் ஒற்றர் வைத்துக் கண்டுபிடித்து நாடு கடத்தச் சொல்கிறது நான்காம் பகுதி. பகைவரை வீழ்த்தும் மறைமுறைகளை அரசனுக்குக் கற்பிக்கிறது பதினான்காம் பகுதி. குடிமகன் செய்தால் குற்றம், தன் தரப்பில் நின்றால் உபாயம் என்னும் இந்த இரட்டை அளவை இன்னும் பல இடங்களில் சந்திக்கப் போகிறோம்.

பௌத்தம் இப்பொருளைக் கூர்மையாக நோக்கியது. இராசகிருக நகரத்துச் செல்வன் ஒருவன் சந்தனக் கிண்ணம் ஒன்றை உயர்ந்த மூங்கிலின் உச்சியில் வைத்து, ஆற்றலுடையவர் வானில் எழுந்து எடுத்துக்கொள்ளலாம் என்றானாம். பிண்டோல பாரத்துவாசர் என்னும் துறவி எழுந்து சென்று எடுத்தார். ஊரே ஆர்ப்பரித்தது. புத்தர் மகிழவில்லை, கடிந்துகொண்டார். ஓர் அற்ப மரக்கிண்ணத்திற்காக இல்லறத்தார் முன் அற்புதம் காட்டலாமோ என்று கேட்டு, கிண்ணத்தை உடைத்துப் பொடியாக்கச் செய்து, இனி எந்தத் துறவியும் அவ்வாறு செய்தல் கூடாது என்று விதித்தார் என வினய நூல் கூறுகிறது. இல்லாத ஆற்றலை உண்டென்று பொய்யுரைக்கும் துறவி, சங்கத்தினின்றே நீங்கவேண்டும் என்பதும் அவர் விதி. கேவட்டன் என்பவனுக்குக் கூறிய உரையில், வானில் பறத்தலும் பிறர் மனத்தை அறிதலும் சிறந்த அற்புதங்கள் அல்ல, நல்லறிவு புகட்டுதலே சிறந்த அற்புதம் என்றார்.

இப்பௌத்த எண்ணத்தின் நிழல் நம் மணிமேகலையில் விழுந்திருக்கிறது. மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அருளுகிறது: வேற்றுரு எடுத்தல், வான்வழிச் செல்லுதல், பசி நீக்குதல். உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக அவள் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அதில் தீய எண்ணம் இம்மியும் இல்லை. ஆயினும் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், உதயகுமரன் தன் மனைவியைத் தொடர்வதாக மயங்கி, அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். தற்காப்புக்காகக் கொண்ட மாயமும் ஓர் உயிரைக் கொள்ளை கொண்டது. மந்திரத்தை நூல் பழிக்கவில்லை. ஆனால் மந்திரம் செய்பவர் அதன் விளைவை முழுதும் ஆள இயலாது என்பதைக் கதையாலேயே காட்டிவிடுகிறது.

சமண நூலாகிய நீலகேசி எங்கள் வட்டாரத்திற்கு இன்னும் நெருங்கியது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர், இன்று ஆரம்பாக்கம் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பழையனூர் நீலி என்றால் நடுங்காதவர் எங்கள் இளமையில் இல்லை. அந்த நீலியைத்தான் சமணப் புலவர் தம் காவியத் தலைவியாக்கினார். பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் துறவியை விரட்ட, அக்காளி தென்னாட்டு நீலியை அழைக்கிறாள். நீலி பல அச்சங்களை எழுப்பிக் காட்டுகிறாள். முனிவர் எதிர்மந்திரம் ஓதவில்லை. இருந்த இடத்தில் அசையாதிருந்தார். இறுதியில் நீலியே அவருக்கு மாணவியாகி, கொல்லாமை நெறியை ஏற்று, ஊர் ஊராகச் சென்று வாதிடும் அறிஞை ஆகிறாள். அஞ்சாமையே மந்திரத்திற்கு மாற்று என்பது அக்கதையின் கருத்து.

ஆனால் சமயப் பூசல் மூண்ட காலத்தில் நடுநிலை நிலைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் பாண்டியனின் வெப்புநோய் பேசப்படுகிறது. சமணர்கள் மயிற்பீலி கொண்டு தடவி மந்திரம் ஓதுகின்றனர், நோய் மிகுகிறது. திருஞானசம்பந்தர் திருநீறு பூசிப் பாடுகிறார், நோய் தணிகிறது. மதுரையைச் சூழ்ந்த யானைமலை, நாகமலை, பசுமலை என்பன, சமணர் வேள்வி செய்து ஏவிய யானையும் பாம்பும் பசுவும் இறைவனால் கல்லானவை என்று திருவிளையாடற் கதைகள் கூறும். கொல்லாமையை உயிராகக் கொண்ட சமணர்மீதே கொலைவேள்விப் பழி சுமத்தப்பட்டதை இங்கே கவனித்தல் வேண்டும். நம்முடையது அருள், பிறருடையது மாயம் என்று கூறுவது சமய வாதத்தில் உலகெங்கும் காணும் வழக்கம். சைவர்க்கு மட்டும் உரியதன்று அது. சமணரும் பௌத்தரும் பிறரைப் பற்றி அவ்வாறே பேசினர். மோசே எகிப்திய மந்திரவாதிகளை வென்ற வரலாறு யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவர்க்கும் பொதுவானது. அங்கும் கோல் பாம்பாகிறது, இருதரப்பிலும் ஆகிறது, பெயர்தான் வேறுபடுகிறது.

இப்பூசலுக்கு அப்பால் நின்ற பெரியோரும் உண்டு. அணிமா முதலிய சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றார் யோக நூல் செய்த பதஞ்சலி. யானையையும் புலியையும் அடக்கலாம், நீர்மேல் நடக்கலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது என்னும் பொருள்படத் தாயுமானவர் பாடினார். இவர்கள் மந்திர ஆற்றலை இல்லை என்று மறுக்கவில்லை. பாவம் என்று ஏசவுமில்லை. அது வழியில் கிடக்கும் ஒரு பொம்மை, அதனை எடுத்து விளையாட நின்றவன் ஊர்போய்ச் சேரமாட்டான் என்பதே அவர்கள் கருத்து.

இனி ஆரம்பாக்கத்திற்குத் தெற்கே, ஏரியின் மறுமுனையில் உள்ள பழவேற்காட்டிற்குச் செல்வோம். மதங்கள் பல ஒரே கரையில் சந்தித்த துறைமுகம் அது. கடல் வாணிகத்தால் வந்த முஸ்லிம்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றனர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1613-இல் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். எலும்புக்கூட்டு உருவங்கள் வாயில் காக்கும் அவர்களுடைய கல்லறை இன்றும் அங்கே உள்ளது.

இஸ்லாம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது. சிஹ்ர் எனப்படும் சூனியம் பெரும்பாவம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில், பாபிலோன் நகரில் ஹாரூத், மாரூத் என்னும் இருவர் வழியாக வந்த வித்தை பேசப்படுகிறது. நாங்கள் ஒரு சோதனையே, நீ இறைமறுப்பில் வீழாதே என்று எச்சரித்த பின்னரே அவர்கள் கற்பித்தனர். மக்களோ கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையைக் கற்றனர். இறைவனின் அனுமதியின்றி அவர்கள் எவருக்கும் தீங்கு செய்ய இயலாது என்பது அப்பகுதியின் சாரம். அழிவில் ஆழ்த்தும் பாவங்கள் ஏழு என்று நபிகள் நாயகம் கூறிய புகழ்பெற்ற மொழியில், இறைவனுக்கு இணைவைத்தலை அடுத்து இரண்டாவதாக நிற்பது சூனியமே. நோயாளிக்குக் குர்ஆன் வசனம் ஓதி இறைவனை வேண்டுதல் தகும் என்பர். வசனம் எழுதிய தாயத்தைக் கட்டுதல் தகுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

அந்த ஏழு பாவங்களின் பட்டியலை இறுதிவரை படித்தல் நன்று. ஏழாவதாக அதில் நிற்பது, குற்றமறியாத நல்ல பெண்கள்மீது அவதூறு கூறுதல். அதனைப் படித்த நாளில் நான் நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் வாளா இருந்தேன். சூனியமும் பெண்மீது சுமத்தும் பழியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்து வயதுச் சிறுவனாக நான் முதலாவதை ஒழிப்பதாக எண்ணி, அதனோடொத்த இரண்டாவதைச் செய்திருந்தேன்.

கிறித்தவத்தின் வரலாறு இதனை இன்னும் பெரிய அளவில் காட்டுகிறது. சூனியக்காரியை உயிரோடு வைக்கலாகாது என்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. எபேசு நகரத்து மந்திரவாதிகள் மனம் திருந்தி, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ள தங்கள் நூல்களைத் தாங்களே எரித்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. கி.பி. 900-ஆம் ஆண்டையொட்டி எழுந்த ஒரு திருச்சபை விதி வியப்பானது. சில பெண்கள் இரவில் வானத்தில் பறப்பதாக எண்ணுவது வெறும் மயக்கம், அதனை மெய்யென்று நம்புவதே விசுவாசத்தினின்று பிறழ்தல் என்று அது கூறிற்று. அறுநூறு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1486-ஆம் ஆண்டளவில் வெளிவந்த ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்னும் நூல், அவர்களை நம்ப மறுப்பதையே குற்றமாக்கிற்று. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் சூனியக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

ஆனால் அதே சமயத்திலிருந்தே எதிர்ப்புக் குரலும் எழுந்தது. பிரீட்ரிக் ஸ்பே என்னும் ஜெர்மானிய இயேசு சபைத் துறவி, சித்திரவதை செய்தால் எவரும் எதனையும் ஒப்புக்கொள்வர் என்று காட்டி, 1631-இல் தம் பெயரை மறைத்து ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1632-இல், ஆபிரகாம் ரோகெரியுஸ் என்னும் டச்சுப் போதகர் பழவேற்காட்டிற்கு வந்தார். பத்தாண்டுகள் அங்கே தங்கி, பத்மநாபர் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து, நம் நாட்டுச் சமய வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அது அச்சாயிற்று. பிற சமயத்தானைச் சூனியக்காரன் என்று சுட்டெரிக்க வல்ல ஒரு நூற்றாண்டில், ஒரு போதகர் பிற சமயத்தான் அருகே அமர்ந்து, ‘நீங்கள் எதை நம்புகிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். நம் ஏரிக்கரை கண்ட நற்காட்சிகளுள் அது ஒன்று. 1691-இல் பல்தாசர் பெக்கர் என்னும் மற்றொரு டச்சுப் போதகர், பிசாசு மனிதர் வாழ்வில் புகுந்து செயலாற்றும் என்னும் நம்பிக்கையை மறுத்து எழுதினார். அதற்காக மறு ஆண்டே அவர் பதவியை இழந்தார்.

அந்த 1692-ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவில் சேலம் என்னும் சிற்றூரில் பெருங்கேடு நிகழ்ந்தது. சில சிறுமிகள், இன்னார் எங்களைச் சூனியத்தால் வருத்துகின்றனர் என்று சுட்டிக்காட்டினர். நீதிமன்றம் நம்பிற்று. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். சான்று கூறியோருள் ஆன் பட்னம் என்பவளுக்கு அப்போது வயது ஏறக்குறைய பன்னிரண்டு. 1706-இல், வளர்ந்த பெண்ணாக, அவள் தேவாலயத்தில் சபையின் முன் எழுந்து நின்றாள். அவளுடைய மன்னிப்புக் கடிதத்தைப் போதகர் வாசித்தார். குற்றமற்றோர்மீது தான் பழி சுமத்தியதாகவும், பகையால் அன்றி மயக்கத்தால் அவ்வாறு செய்ததாகவும் அவள் ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் கிட்டிய அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு, கேட்கப்படுவோர் இருக்க வேண்டும் அல்லவா?

பின்னர்ச் சட்டமும் தன் பார்வையை மாற்றிக்கொண்டது. 1736-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டானியச் சட்டம், சூனியம் செய்வதைக் குற்றம் என்பதை விடுத்து, சூனியம் செய்யும் ஆற்றல் உண்டென்று பாசாங்கு செய்வதைக் குற்றம் என்றது. சுதந்திர இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுத்தது. ஒருத்தியைச் சூனியக்காரி என்று பட்டம் சூட்டுவதே குற்றம் என்று 1999-இல் பீகார் சட்டம் இயற்றிற்று. மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்ட நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் பல்லாண்டு வேண்டிநின்ற சட்டம் அவ்வாண்டே அங்கு நிறைவேறிற்று. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், ஐயத்திற்கு இடமில்லாத நிலையில் மந்திர ஆற்றலை மெய்ப்பிப்போர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை. ஆயினும் நம் நாட்டுக் குற்றப் பதிவேடுகளில், கொலைக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சூனியம் என்னும் சொல் இன்னும் இடம்பெறுகிறது.

மாணவ நேயர்களே! எங்கள் வட்டாரத்தில் இருளர் மக்கள் வாழ்கின்றனர். பாம்பின் தடத்தை மண்ணில் படிப்பவர்கள். பச்சிலையின் இயல்பை அறிந்தவர்கள். அவர்களுடைய அறிவை மந்திரம் என்று சொல்லி அஞ்சியவரும் உண்டு, இகழ்ந்தவரும் உண்டு. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்புக்கடிக்கு மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை அச்சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாம் அறியாத அறிவுக்கு நாம் இட்ட பெயர் மந்திரம். அறிந்த பிறகு அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

அப்படியானால் அந்த மாணவிக்கு என்ன விடை? மதங்கள் ஒரே விடை கூறவில்லை. இஸ்லாமும் கிறித்தவமும் மந்திரத்தை இறைவனுக்கு எதிரான செயல் என்று விலக்கின. 1992-ஆம் ஆண்டுக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், நோய் தீர்ப்பதற்காயினும் மாந்திரிகம் தகாது என்றே கூறுகிறது. பௌத்தம் அதனை இழிந்த கலை என்று ஒதுக்கிற்று. மீமாம்சகர் பயனைப் பார்த்துத் தீர்ப்பளித்தனர். ஆனால் பிறர்க்குக் கேடு சூழ்தல் பாவம் என்பதில் இவர்களிடையே பெரிய வேற்றுமை இல்லை. அதற்கு மந்திரம் வேண்டுவதில்லை. ஒரு சொல் போதும். திருவள்ளுவர் மாந்திரிகத்திற்கென்று ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. புறங்கூறாமைக்கு வகுத்தார், வாய்மைக்கு வகுத்தார், இன்னா செய்யாமைக்கு வகுத்தார். அம்மூன்றிலும் இவ்வினாவிற்குரிய விடை அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் அக்கோடையில் சூனியம் செய்தவர் எவருமில்லர். ஆயினும் ஒரு சொல் உச்சரிக்கப்பட்டது. அது ஒருவரை ஊரைவிட்டே ஓட்டிற்று. உச்சாடனம் என்பதற்கு மாந்திரிக நூல்கள் கூறும் பொருள் அதுவே. அதனைச் செய்தவன் நான்.

உங்கள் ஊரிலும் ஒருநாள் யாரேனும் உங்கள் முகத்தைப் பார்த்து, ‘நீ எதையேனும் கண்டாயா?’ என்று கேட்கக்கூடும். கண்டதை மட்டும் சொல்லுங்கள். வேர் என்றால் வேர் என்று சொல்லுங்கள்.